பொதுக் கட்டடத்தை ஊர் ஏற்று நடத்துவது: ஓர் அமானத் பாடம்



நம் பகுதியில் சில ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் பழைய பொதுக் கட்டடத்தைப் பற்றி இளைஞர்கள் சிலர் டிரஸ்டுக்கு ஒரு மனு கொடுத்திருக்கிறார்கள். உள்ளாட்சியிடம் கேட்டு அந்தக் கட்டடத்தை நாமே ஏற்று நடத்தலாம், மாலையில் பிள்ளைகளுக்குப் படிப்பகம், பகலில் பெண்களுக்குத் தையல் வகுப்பு, முதியவர்கள் உட்கார்ந்து பத்திரிகை படிக்க ஓர் இடம் என்று பயன்படுத்தலாம் என்பது அவர்களுடைய யோசனை. நிய்யத் நல்லது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வதற்கு முன், பொதுக் கட்டடத்தை ஏற்பது என்றால் எதையெல்லாம் ஏற்பது என்பதை எல்லோரும் தெரிந்துகொண்டு மஷூராவில் உட்கார வேண்டும். அதற்காகவே இந்த மாதப் பாடம்.

இந்த வேலையைச் சட்டம் போட்டு, பெரிய அளவில், பல ஆண்டுகளாகச் செய்து பார்த்த நாடு பிரிட்டன். அங்கே இதில் ஜெயித்த ஊரும் உண்டு, தோற்ற ஊரும் உண்டு. முதலில் அவர்கள் அனுபவத்தைப் பார்ப்போம். பிறகு நம் மார்க்கம் வக்ஃபு என்ற பெயரில் இதைப் பற்றி என்ன கற்றுத் தந்திருக்கிறது என்று பார்ப்போம். கடைசியில் நம் கணக்குக்கு வருவோம்.

1. பிரிட்டனில் இது எப்படி வந்தது?

பிரிட்டனில் நூலகம், நீச்சல் குளம், சமூகக் கூடம், பூங்கா, பொதுக் கழிப்பறை என்று பலவும் உள்ளாட்சி மன்றங்களுக்குச் சொந்தமானவை. இங்கிலாந்தில் 1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி, ஒரு மன்றம் தன் நிலத்தையோ கட்டடத்தையோ விற்றால் கிடைக்கக்கூடிய நல்ல விலைக்குத்தான் விற்க வேண்டும். பொதுச் சொத்தை வேண்டியவருக்கு மலிவாகக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்கான காவல் அது. சரியான காவல்தான். ஆனால் ஊர் மக்கள் சேர்ந்து கேட்டாலும் சந்தை விலை கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது.

2003இல் அரசு ஒரு பொது அனுமதி வழங்கியது. ஊரின் பொருளாதார, சமூக, சுற்றுச்சூழல் நலனுக்கு உதவும் என்றால், சந்தை விலையைவிட 20 லட்சம் பவுண்டு வரை குறைத்துக்கூடக் கொடுக்கலாம் என்று அது வழி திறந்தது. 2007இல் பாரி குவிர்க் என்பவர் தலைமையில் அமைந்த குழு, பொதுக் கட்டடங்களை மக்கள் அமைப்புகளிடம் ஒப்படைப்பதில் உள்ள நன்மையையும் ஆபத்தையும் ஆராய்ந்து அறிக்கை தந்தது. ஆபத்துகள் உண்டு, ஆனால் கவனமாகச் செய்தால் அவற்றைச் சமாளிக்கலாம் என்பதே அதன் சாரம்.

பிறகு 2011இல் 'லோக்கலிசம் சட்டம்' வந்தது. ஊருக்குப் பயன்படும் ஒரு கட்டடத்தை அடையாளம் காட்டி, அதைச் 'சமூக மதிப்புள்ள சொத்து' என்ற பட்டியலில் சேர்க்கும்படி மக்கள் உள்ளாட்சியிடம் கேட்கலாம். பட்டியலில் சேர்ந்தால் 5 ஆண்டுகள் அங்கே இருக்கும். அதற்குள் உரிமையாளர் அதை விற்க நினைத்தால் முதலில் அறிவிக்க வேண்டும். ஊர் அமைப்பு ஒன்று வாங்க விரும்புவதாக 6 வாரங்களுக்குள் சொன்னால், பணம் திரட்டுவதற்காக மொத்தம் 6 மாதம் விற்பனை நிறுத்தி வைக்கப்படும். இதில் கவனிக்க வேண்டியது, அந்தச் சட்டம் மக்களுக்குக் கொடுத்தது அவகாசம் மட்டுமே. அவர்களுக்கே விற்றாக வேண்டும் என்று உரிமையாளரை அது கட்டாயப்படுத்தவில்லை.

ஸ்காட்லாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் கிராமப்புற மக்களுக்கு, நிலம் விற்பனைக்கு வரும்போது முதலில் வாங்கும் உரிமையைக் கொடுத்தது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையை நகரங்களுக்கும் விரித்தது. அதோடு, அரசு அமைப்புகளின் கட்டடத்தை எங்களுக்குக் கொடுங்கள் என்று ஊர் அமைப்பு முறைப்படி விண்ணப்பிக்கலாம் என்றும், மறுப்பதற்கு நியாயமான காரணம் இருந்தால் ஒழிய அந்த அரசு அமைப்பு சம்மதிக்க வேண்டும் என்றும் சொன்னது. அதாவது, ஏன் கொடுக்க வேண்டும் என்று மக்களிடம் கேட்கும் நிலை மாறி, ஏன் கொடுக்க முடியாது என்று அலுவலகம் பதில் சொல்லும் நிலை வந்தது.

இந்தச் சட்டங்களுக்குப் பின்னால் நல்லெண்ணம் மட்டும்தான் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 2010க்குப் பிறகு மத்திய அரசு உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கும் பணத்தைக் கடுமையாகக் குறைத்தது. நடத்தப் பணமில்லாத மன்றங்கள் நூலகங்களை மூடின, கட்டடங்களை விற்றன. இங்கிலாந்தில் ஆண்டுக்கு 4,000க்கும் அதிகமான பொதுக் கட்டடங்களும் இடங்களும் விற்கப்படுகின்றன என்று, ஊர் அமைப்புகளின் கூட்டமைப்பான 'லொக்காலிட்டி' 2018இல் கணக்கிட்டது. எனவே சில இடங்களில் மன்றம் மக்களிடம் கொடுத்தது சொத்தை அல்ல, ஒழுகும் கூரையையும் கட்ட முடியாத மின்கட்டணத்தையும்தான் என்ற விமர்சனமும் அங்கே உண்டு. இலவசமாகக் கிடைக்கிறது என்றால், அது ஏன் இலவசம் என்று முதலில் கேட்க வேண்டும்.

2. நிலைத்த இரண்டு ஊர்கள்

லீட்ஸ் நகரின் பிராம்லி பகுதியில் 1904இல் திறக்கப்பட்ட ஒரு பொதுக் குளியலகமும் நீச்சல் குளமும் இருக்கின்றன. வீட்டில் குளியலறை இல்லாத தொழிலாளர் குடும்பங்கள் குளிப்பதற்காகக் கட்டப்பட்ட கட்டடம் அது. செலவைக் குறைக்க மன்றம் அதன் திறப்பு நேரத்தைக் குறைத்தது. நேரம் குறைந்தால் வருகிறவர்கள் குறைவார்கள், வருகிறவர்கள் குறைந்தால் மூடுவதற்குக் காரணம் கிடைத்துவிடும். ஊர் மக்கள் அதற்குள் ஒன்று சேர்ந்தார்கள். ஓர் அமைப்பைப் பதிவு செய்து, நடத்தும் திட்டத்தை எழுதி, 2013 ஜனவரியில் நிர்வாகத்தை ஏற்றார்கள்.

ஏற்றதும் அவர்கள் செய்தது திறப்பு நேரத்தைக் கூட்டியதுதான். பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு, உடற்பயிற்சி வகுப்பு, ஊர் நிகழ்ச்சிகள் என்று அதே கட்டடத்தை அதிக மணி நேரம் பயன்படுத்தினார்கள். கட்டணம் கொடுப்பவர் தொகை கூடியது. சம்பளம் வாங்கும் பணியாளர்களும் அங்கே உண்டு. தொண்டர்களை மட்டும் நம்பி ஒரு நீச்சல் குளத்தை நடத்த முடியாது. குழந்தை தண்ணீரில் இறங்கும்போது பயிற்சி பெற்ற ஒருவர் கரையில் நின்றாக வேண்டும்.

இன்னொன்று பென்சான்ஸ் என்ற கடலோர ஊரின் ஜூபிலி குளம். கடல் நீரால் நிரப்பப்படும் இந்தத் திறந்தவெளிக் குளம் 1935இல் கட்டப்பட்டது. 2014 பிப்ரவரியில் வீசிய புயலில் கடுமையாகச் சேதமடைந்து, பழுது பார்க்கப்பட்டு 2016இல் மீண்டும் திறக்கப்பட்டது. பிறகு ஊர் மக்களின் சங்கம் அதன் பொறுப்பை ஏற்றது. குளிர் நாட்டில் திறந்தவெளிக் குளத்துக்கு வருமானம் கோடையில் மட்டும்தான். வருடம் முழுவதும் செலவு, சில மாதங்கள் மட்டும் வரவு என்றால் எந்த நிறுவனமும் நிற்காது. அவர்கள் ஊர் மக்களிடம் பங்குத் தொகை திரட்டினார்கள், மானியமும் பெற்றார்கள். பூமிக்கு அடியில் துளையிட்டு அங்கிருந்து கிடைக்கும் வெப்பத்தால் குளத்தின் ஒரு பகுதியைச் சூடாக்கினார்கள். 2020இல் அந்த வெந்நீர்ப் பகுதி திறக்கப்பட்டது. கோடை முடிந்த பிறகும் ஆட்கள் வருவதற்கு ஒரு வழி பிறந்தது.

இந்த இரண்டு ஊர்களும் கட்டடத்தின் மீதுள்ள பாசத்தோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டு மின்கட்டணத்தை யார் கட்டுவது என்ற கேள்விக்கு விடை தேடி வைத்தார்கள்.

3. விருது வாங்கியும் நிலைக்காத பாலம்

ஹேஸ்டிங்ஸ் நகரில் கடலுக்குள் நீண்டு செல்லும் ஒரு உல்லாசப் பாலம் உண்டு. 1872இல் திறக்கப்பட்டது. தனியார் உரிமையாளர் பராமரிக்காமல் விட்டதால் பாழடைந்து, 2008இல் மூடப்பட்டது. 2010 அக்டோபரில் தீப்பிடித்து அதன் மேல் இருந்த கட்டடங்கள் பெரும்பாலும் எரிந்து போயின. ஊர் மக்கள் விடவில்லை. அவர்களுடைய போராட்டத்தால் உள்ளாட்சி மன்றம் சட்டப்படி பாலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தி, 2013இல் ஊர் மக்களின் தொண்டு அமைப்பிடம் ஒப்படைத்தது.

லாட்டரி வருமானத்திலிருந்து பாரம்பரியச் சின்னங்களுக்கு உதவும் அரசு நிதியம் 1 கோடிக்கும் அதிகமான பவுண்டு கொடுத்தது. 3,000க்கும் மேற்பட்ட மக்கள் பங்குத் தொகையாக ஏறத்தாழ 5,90,000 பவுண்டு போட்டார்கள். 2016 ஏப்ரலில் பாலம் மீண்டும் திறக்கப்பட்டது. 2017 அக்டோபரில் பிரிட்டனில் கட்டடக் கலைக்கு வழங்கப்படும் மிகப் பெரிய பரிசான ஸ்டிர்லிங் பரிசு அதற்குக் கிடைத்தது.

அடுத்த மாதமே, 2017 நவம்பரில், அந்தத் தொண்டு அமைப்பு கடனைச் சமாளிக்க முடியாமல் நிர்வாகத்தைச் சட்டப்படி நியமிக்கப்பட்டவர்களிடம் ஒப்படைத்தது. 2018இல் பாலம் ஒரு தனியாருக்கு விற்கப்பட்டது. விலை 60,000 பவுண்டு என்று பத்திரிகைகள் எழுதின. கோடிக்கணக்கில் செலவழித்துச் சீர்செய்த சொத்து, ஒரு சாதாரண வீட்டின் விலைகூட இல்லாமல் கைமாறியது.

அங்கே யாரும் திருடிவிட்டார்கள் என்பதல்ல பாடம். கட்டுவதற்குப் பணம் கிடைத்தது, நடத்துவதற்குப் பணம் கிடைக்கவில்லை. உப்புக் காற்றிலும் அலையிலும் நிற்கும் இரும்புத் தூண்களுக்கு ஆண்டுதோறும் பராமரிப்பு வேண்டும். வருகிறவர்கள் கொடுக்கும் காசு அதற்குப் போதவில்லை. மேலும் உதவி கேட்டார்கள், கிடைக்கவில்லை. திறப்பு விழாவுக்குப் பணம் தருகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மூன்றாம் ஆண்டின் கூரைப் பழுதுக்குப் பணம் தருகிறவர்கள் எந்த ஊரிலும் குறைவு.

4. கைபர் நிலத்தின் ஷரத்துகள்

இப்போது நம் மார்க்கத்துக்கு வருவோம். உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் ஒரு நிலம் கிடைத்தது. தமக்குக் கிடைத்த செல்வங்களிலேயே உயர்ந்ததாக அதைக் கருதிய அவர்கள், இதை என்ன செய்வது என்று நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலத்தை அப்படியே நிறுத்தி வைத்து, அதன் விளைச்சலைத் தர்மம் செய்யலாம் என்று நபியவர்கள் வழி காட்டினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெறும் இந்த ஹதீஸ்தான் வக்ஃபுச் சட்டத்துக்கு அடிப்படை.

உமர் (ரலி) வைத்த ஷரத்துகளை வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, அந்த நிலத்தை விற்கக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது, வாரிசுகள் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது. இன்று பிரிட்டனில் ஊர்ச் சொத்தை ஏற்கும் 'சமூக நல நிறுவனம்' போன்ற அமைப்புகளின் விதிகளில் 'சொத்துப் பூட்டு' என்று ஒன்று வைக்கிறார்கள். நிறுவனம் கலைந்தாலும் சொத்து உறுப்பினர்களின் பைக்குள் போகக் கூடாது, அதே போன்ற நோக்கமுள்ள வேறோர் அமைப்புக்குத்தான் போக வேண்டும் என்பது அதன் பொருள். வக்ஃபு அளவுக்கு அது இறுக்கமானது அல்ல. ஆனால் நோக்கம் ஒன்றுதான்.

இரண்டாவது, பலன் யாருக்கு என்பது தெளிவாகச் சொல்லப்பட்டது. ஏழைகள், உறவினர், அடிமை விடுதலை, அல்லாஹ்வின் பாதை, வழிப்போக்கர், விருந்தினர். யாருக்கு என்று முதலிலேயே எழுதாத சொத்தில், பின்னால் வலுத்தவர் பங்கு கேட்பார்.

மூன்றாவது, நிர்வகிப்பவர் நியாயமான அளவுக்கு அதிலிருந்து உண்ணலாம், ஆனால் அதை வைத்துச் சொத்துச் சேர்க்கக் கூடாது. இதில் இரண்டு பக்கமும் இருக்கிறது. உழைப்பவருக்குக் கூலி கொடுக்காமல் தியாகம் செய்யச் சொல்வதும் முறையல்ல, பொறுப்பைப் பிழைப்பாக்கிக்கொள்வதும் முறையல்ல.

நான்காவதாக, இது வாய்ச்சொல்லாக நிற்கவில்லை. எழுதப்பட்டு, சாட்சியும் வைக்கப்பட்டது. அபூதாவூதில் வரும் அறிவிப்பின்படி, தமக்குப் பின் அந்தப் பொறுப்பைத் தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடமும், அவர்களுக்குப் பின் அந்தக் குடும்பத்தில் நல்ல ஆலோசனைத் திறன் உள்ளவரிடமும் ஒப்படைத்தார்கள். நம் நிர்வாகக் குழுக்களில் பெண்களுக்கு இடம் வேண்டுமா என்று இன்னும் கேட்கிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

ஹனஃபி ஃபுகஹாக்கள் இதோடு இன்னொன்றையும் சொல்கிறார்கள். வக்ஃபு வருமானத்தில் முதல் செலவு அந்தச் சொத்தின் பராமரிப்புக்குத்தான். வக்ஃபு செய்தவர் அப்படி எழுதி வைக்காவிட்டாலும் சரியே. ஏனென்றால் சொத்து அழிந்தால் தர்மமும் அழிந்துவிடும். ஹேஸ்டிங்ஸ் பாலத்தின் கதையைப் படித்துவிட்டு இதைப் படித்தால், நம் இமாம்கள் எவ்வளவு முன்யோசனையோடு எழுதியிருக்கிறார்கள் என்பது புரியும்.

5. நம்மிடம் இருப்பதை எப்படி வைத்திருக்கிறோம்?

புதிதாக ஒரு கட்டடத்தைக் கேட்கும் முன், கையில் இருக்கும் சொத்தின் நிலையைப் பார்ப்பது நல்லது. நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையிலான குழு 2006இல் தந்த அறிக்கை, இந்தியாவில் 4.9 லட்சம் பதிவு பெற்ற வக்ஃபுகள் இருப்பதாகக் கூறியது. அவற்றின் ஏட்டு மதிப்பு 6,000 கோடி ரூபாய். ஆண்டு வருமானம் ஏறக்குறைய 163 கோடி மட்டும். அதாவது 2.7 சதவீதம். சந்தை மதிப்பில் 10 சதவீதம் கிடைத்தாலும் ஆண்டுக்கு 12,000 கோடி வந்திருக்கும் என்று அந்தக் குழு கணக்கிட்டது.

ஆக்கிரமிப்பு, வழக்கு, சட்டச் சிக்கல் என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் அவற்றில் சில நம் கையிலேயே இருந்தவை. பழைய வாடகையை உயர்த்தத் தயங்கியது, பத்திரங்களைப் பீரோவில் கரையான் அரிக்க விட்டது, கணக்கை ஒருவருடைய ஞாபகத்தில் விட்டது. முன்னோர் கொடுத்ததை இப்படி வைத்துக்கொண்டு, அரசின் கட்டடத்தை நாங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்று சொன்னால், எதிரே இருக்கும் அதிகாரி நம்பவேண்டிய அவசியம் இல்லை. எனவே மனுவோடு நாம் கொண்டுபோக வேண்டிய முதல் சான்று, நம்மிடம் இருக்கும் சொத்தின் தணிக்கை செய்த கணக்கு.

6. நம் கட்டடம்: சில தெளிவுகள்

ஒன்று. பிரிட்டனில் உள்ளது போன்ற சட்ட உரிமையை நினைத்துக்கொண்டு நாம் இங்கே பேசக் கூடாது. நம் ஊரில் இத்தகைய கட்டடத்தின் உரிமை உள்ளாட்சியிடமே இருக்கும். நாம் கேட்கக்கூடியது, எழுத்துப்பூர்வமான ஒப்பந்தத்தின் பேரில் பராமரித்து நடத்தும் பொறுப்பை. வாய்மொழி அனுமதியை நம்பி ஒரு ரூபாயும் செலவழிக்கக் கூடாது. அதிகாரி மாறினால் அனுமதியும் மாறிவிடும். பொதுமக்கள் ஒரு பங்கு பணம் போட்டு, அரசு மீதியைப் போடும் 'நமக்கு நாமே' போன்ற திட்டங்களில் பழுதுபார்க்க வழி உண்டா என்றும் விசாரிக்க வேண்டும்.

இரண்டு. இதை வக்ஃபு என்று யாரும் சொல்லக் கூடாது. தனக்குச் சொந்தமானதைத்தான் ஒருவர் வக்ஃபு செய்ய முடியும். பொதுச் சொத்து பொதுச் சொத்துதான். நாம் வக்ஃபிலிருந்து எடுத்துக்கொள்வது அதன் ஒழுக்கத்தை மட்டுமே.

மூன்று. கதவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். இது எல்லா மதத்தவரின் வரிப்பணத்தில் கட்டப்பட்ட கட்டடம். பக்கத்துத் தெருவின் இந்துப் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையும் தயங்காமல் உள்ளே வந்து புத்தகம் எடுக்க முடியவில்லை என்றால், நாம் ஏற்றது பொதுச் சேவை ஆகாது, பொது இடத்தைப் பிடித்ததாகிவிடும். மதீனாவில் தண்ணீரைக் காசுக்கு விற்றுக்கொண்டிருந்த ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) விலைக்கு வாங்கி மக்களுக்குக் கொடுத்தார்கள். வாங்கியவர் என்பதற்காகத் தமக்கென்று தனி உரிமை வைத்துக்கொள்ளாமல், மற்றவர்களோடு ஒருவராக நின்று தாமும் தண்ணீர் எடுத்தார்கள். நம் நிர்வாகக் குழுவில் அக்கம்பக்கத்து மற்றச் சமூகத்தவரும் இடம்பெற வேண்டும் என்பது செயலாளர் என்ற முறையில் என்னுடைய உறுதியான கருத்து.

நான்கு. ஸகாத் பணத்தை இதற்குத் தொடக் கூடாது. ஸகாத் யாருக்கு என்பதைக் குர்ஆன் (9:60) எட்டு வகையாக வரையறுத்திருக்கிறது. கட்டடம் கட்டுவதும் பராமரிப்பதும் அதில் சேராது என்பதே பெரும்பாலான இமாம்களின் கருத்து. இதற்குத் தனி ஸதக்கா நிதி, தனி வங்கிக் கணக்கு வேண்டும்.

7. காகிதத்தில் ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உண்மையான தொகைகளை நேரில் விசாரித்துப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.

மாதச் செலவு: மின்சாரமும் தண்ணீரும் 4,000 ரூபாய். துப்புரவுப் பணியாளர் 7,000. பொறுப்பாளர் சம்பளம் 12,000. பத்திரிகை, சில்லறைச் செலவு 2,000. ஆக 25,000. இதோடு கூரை, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பழுதுக்கென்று மாதம் 5,000 தனியே எடுத்து வைக்க வேண்டும். மொத்தம் மாதம் 30,000. ஆண்டுக்கு 3,60,000 ரூபாய்.

300 குடும்பங்கள் மாதம் 100 ரூபாய் கொடுத்தால் இந்தத் தொகை சரியாக வந்துவிடும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் ஆண்டின் உற்சாகம் குறைந்து, மூன்றில் ஒரு பங்கு குடும்பங்கள் நிறுத்திவிட்டால் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் துண்டு விழும். அப்போது எதை நிறுத்துவோம்? வழக்கமாக எல்லோரும் முதலில் நிறுத்துவது பழுதுபார்க்க எடுத்து வைக்கும் 5,000 ரூபாயைத்தான், ஏனென்றால் அது இல்லாதது உடனே கண்ணுக்குத் தெரியாது. சில மழைக்காலம் கழித்துக் கூரை ஒழுகும்போதுதான் தெரியும். கட்டடம் மறுபடி பூட்டப்படும். இந்த முறை பூட்டியது நாமாக இருப்போம்.

அதனால் குழுவின் பரிசீலனைக்கு நான் வைக்கும் ஏற்பாடு இது. சாவியை வாங்கும் முன்பே இரண்டு ஆண்டுச் செலவு வங்கியில் இருக்க வேண்டும். பழுதுபார்ப்பு நிதி தனிக் கணக்கில் இருக்க வேண்டும், அதை வேறு எதற்கும் எடுக்க மூவர் கையெழுத்து வேண்டும். கூடத்தைச் சிறு நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விட ஒப்பந்தத்தில் இடம் கேட்க வேண்டும். வரவு செலவை மாதந்தோறும் வாசலில் ஒட்ட வேண்டும். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் (2:282) கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதி வைப்பது சந்தேகப்படுவதாகாது. எழுத்து, நல்லவரைப் பழியிலிருந்து காக்கும்.

இவையெல்லாம் முடியாது என்றால், கட்டடத்தைக் கேட்காமல் இருப்பதே நல்லது. அதிலும் கேவலம் எதுவும் இல்லை. மதரஸாவின் மாடி அறையில் மாலையில் இரண்டு மணி நேரப் படிப்பகம் தொடங்கலாம். அதை ஓர் ஆண்டு தடங்கலின்றி நடத்திக் காட்டினால், அதன் வருகைப் பதிவேடே நம் அடுத்த மனுவுக்குச் சான்றாகும்.

8. குடும்பத்தில் பேசுவதற்குச் சில கேள்விகள்

மஷூராவுக்கு வரும் முன், வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்து இவற்றைப் பேசிவிட்டு வாருங்கள்.

அ. நம் வீட்டில் யார், வாரத்தில் எத்தனை நாள், எதற்காக அந்தக் கட்டடத்தைப் பயன்படுத்துவோம்?

ஆ. ஆண்டு முழுக்க, தடையில்லாமல், மாதம் எவ்வளவு தர முடியும்? முடியாவிட்டால், வாரம் எத்தனை மணி நேர உழைப்பைத் தர முடியும்?

இ. ஹேஸ்டிங்ஸில் நடந்தது இங்கே நடக்காமல் இருக்க எந்த ஒரு ஷரத்தை நீங்கள் எழுதி வைப்பீர்கள்?

ஈ. நம் தெருவில் மற்றச் சமூகத்தைச் சேர்ந்த எந்த அண்ணனை, எந்த அக்காவை இந்தக் குழுவுக்கு அழைக்கலாம்?

உ. இன்று பொறுப்பேற்பவர்கள் 10 ஆண்டு கழித்து ஓய்ந்துவிட்டால், யார் எடுத்து நடத்துவார்கள்? அவர்களை இப்போதே எப்படிப் பழக்குவது?

மனு கொடுத்த தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஆர்வத்துக்கு அணை போடுவதற்காக இதை எழுதவில்லை. பிராம்லியில் குளத்தைக் காத்தவர்களும் உங்களைப் போல ஊர்க்காரர்கள்தான். மேலே உள்ள செலவுக் கணக்கை எடுத்துக்கொண்டு, மின்வாரியத்திலும் கொத்தனாரிடமும் நேரில் விசாரித்து, உண்மைத் தொகைகளை நிரப்பி மஷூராவுக்குக் கொண்டு வாருங்கள். குழு அதை வைத்துத்தான் முடிவெடுக்கும்.

அமானத்தை உரியவரிடம் சேர்க்கும்படி அல்லாஹ் கட்டளையிட்டிருக்கிறான் (4:58). பொதுக் கட்டடத்தின் உரியவர்களில் இன்னும் பிறக்காத பிள்ளைகளும் உண்டு. தாங்கக்கூடிய பொறுப்பை மட்டும் ஏற்று, ஏற்றதைப் பழுதில்லாமல் அவர்கள் கையில் சேர்க்கும் தவ்ஃபீக்கை வல்ல ரஹ்மான் நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.